பலத்த காயம் பட்டவரைச் சரியான ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு கொண்டுசேர்ப்பது எப்படி? கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்கோ படிக்கவோ கோலாலம்பூர் வந்து, செந்தூலிலோ பிரிக்பீல்ட்ஸிலோ அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வந்த வாரத்திலேயே சிம் கார்டு, வங்கிக் கணக்கு, ரயில் கார்டு எல்லாம் எடுத்துவிடுகிறோம். கூடத் தங்கியிருப்பவர் மோட்டாரிலிருந்து தூக்கி எறியப்பட்டால் யாரைக் கூப்பிடுவது, எங்கே கொண்டுபோவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

என் அக்கா மகனுக்கு அது நடந்தது. வேலை முடிந்து மோட்டாரில் வரும் வழியில் லோரி இடித்தது. யாரோ நல்ல மனதோடு அவனைத் தங்கள் காரில் ஏற்றிப் பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ஸ்கேன் எடுத்ததில் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது, ஆனால் மூளை அறுவை நிபுணர் அங்கே இல்லை. அதன் பிறகுதான் அரசு மருத்துவமனை. பையன் பிழைத்துக்கொண்டான். அன்று இரவு சாலையில் போன நேரம் கொஞ்சம்தான். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு மாற்றுவதற்குக் காத்துக் கிடந்த நேரம்தான் அதிகம். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தக் காத்திருப்பை உங்களுக்குக் குறைப்பதற்காகத்தான்.

1. இது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய கேஸா என்று பாருங்கள்

கை சிராய்ப்புக்கும் கால் சுளுக்குக்கும் கிளினிக் போதும். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் கிளினிக் பக்கமே போகாதீர்கள்:

- மயக்கம், கூப்பிட்டால் பதில் இல்லாமை, பேச்சு குளறுவது, தலையில் அடிபட்ட பின் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பது, வலிப்பு
- மூச்சு விடத் திணறுவது, நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ குத்துக் காயம்
- அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம்
- கை கால் அசையாமல் போவது அல்லது மரத்துப்போவது
- தொடை எலும்பு, இடுப்பு எலும்பு முறிவு, அல்லது எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிவது
- கையோ காலோ துண்டாகிப்போவது, நசுங்கிப்போவது
- 3 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் ஒரு மாடி உயரத்திலிருந்து விழுவது. கட்டுமான வேலையில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்
- முகம், கை, பிறப்புறுப்பில் தீக்காயம், அல்லது உடலில் பெரிய பரப்பில் தீக்காயம்

விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், அடி எப்படி விழுந்தது என்பதைப் பாருங்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கசியும் காயத்தில் ஆள் கொஞ்ச நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கூடக் கேட்பார், பிறகு திடீரென்று சரிவார். அந்தத் தெளிவை நம்பி அறைக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்து, காலையில் எழுப்ப முடியாமல் போன கதைகள் நம் ஆட்களிடையே உண்டு. வயதானவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தலையில் லேசாக அடிபட்டாலே ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

2. 999: என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும்

மலேசியா முழுவதற்கும் ஒரே அவசர எண் 999. கைப்பேசியிலிருந்து 112 அழுத்தினாலும் அங்கேதான் போகும். முதலில் எடுப்பவர் ஆஸ்பத்திரிக்காரர் அல்ல, அழைப்பு மையத்தில் இருப்பவர். போலீஸா, போம்பாவா (தீயணைப்பு மீட்புப் படை), ஆம்புலன்ஸா என்று கேட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் அனுப்பும் மையத்துக்கு இணைப்பார். அங்கே எடுப்பவர் அதே கேள்விகளை மறுபடியும் கேட்பார். இந்த இடத்தில்தான் பலர் கோபப்பட்டு போனை வைத்துவிடுகிறார்கள். வைக்காதீர்கள். வைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

மலாயும் ஆங்கிலமும்தான் நிச்சயமாகப் பேசுவார்கள். தமிழ் பேசுபவர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இந்தச் சில வரிகளைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் நாக்கு வராது:

- "தோலோங் ஹந்தார் அம்புலான்ஸ்": ஆம்புலன்ஸ் அனுப்புங்கள்
- "கெமலாங்கான் மோட்டோசிக்கால்": மோட்டார் சைக்கிள் விபத்து
- "ஜாத்தோ டாரி தெம்பாட் திங்கி": உயரத்திலிருந்து விழுந்துவிட்டார்
- "தாக் செடார்": நினைவிழந்து கிடக்கிறார்
- "டாராஹ் பாஞாக்": ரத்தம் அதிகமாகப் போகிறது
- "தெர்செப்பிட்": சிக்கிக்கொண்டிருக்கிறார்

கடைசிச் சொல் முக்கியம். காருக்குள்ளோ இயந்திரத்திலோ ஆள் சிக்கியிருந்தால் போம்பாவும் சேர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ்காரர்கள் வந்தும் கை கட்டி நிற்க வேண்டியதாகிவிடும்.

இடம் சொல்வதில்தான் அதிகம் தடுமாறுகிறோம். "ஜாலான் ஈப்போ" என்று மட்டும் சொன்னால் போதாது, அது நீளமான சாலை. எந்தக் கடை எதிரில், எந்த எல்ஆர்டி நிலையம் அருகில், எந்தப் பக்கம் போகும் பாதை என்று சொல்லுங்கள். நெடுஞ்சாலையாக இருந்தால் ஓரத்தில் நட்டிருக்கும் சிறிய பலகையில் கிலோமீட்டர் எண் இருக்கும். அந்த எண்ணையும் வடக்கே போகும் பாதையா தெற்கே போகும் பாதையா என்பதையும் சொல்லுங்கள். எதிர்ப்பாதையில் வந்துவிட்டால் ஆம்புலன்ஸ் அடுத்த வெளிவழி வரை போய்த்தான் திரும்ப முடியும். பிளஸ் (வடக்கு-தெற்கு கட்டண நெடுஞ்சாலையை நடத்தும் நிறுவனம்) நெடுஞ்சாலையில் 1-800-88-0000 எண்ணுக்கும் சொல்லலாம், அவர்களின் ரோந்து வண்டி வந்து பின்னால் வரும் வாகனங்களைத் தடுத்து நிற்கும். அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால் ஒருவரைக் கீழே அனுப்பி, காவலாளியிடம் சொல்லி, கேட்டைத் திறந்து வைத்து, லிப்டைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள்.

999 மூலம் வரும் அரசு ஆம்புலன்ஸ் சம்பவ இடத்தில் காசு கேட்டு நிற்காது. தனியார் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதாக இருந்தால் விலையையும், உள்ளே ஆக்சிஜனும் பயிற்சி பெற்ற ஆளும் உண்டா என்பதையும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வெறும் படுக்கை போட்ட வேனை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

3. வண்டி வரும் வரை

இங்கே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் அவற்றைச் சரியாகச் செய்ய வேண்டும்.

ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உங்கள் முழு எடையும் இறங்கும்படி அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வையுங்கள். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்து, அழுத்தியும் நிற்கவில்லை என்றால் காயத்துக்கு மேலே அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மெல்லிய கயிறோ ஒயரோ வேண்டாம், அது சதையை வெட்டும். உடலில் குத்தி நிற்கும் கம்பியையோ கண்ணாடியையோ பிடுங்காதீர்கள். அதுதான் அந்த நேரத்தில் ரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மூச்சு நன்றாக வந்தால் தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம், கழுத்தை அசைக்க வேண்டாம். தீ, வெள்ளம், பாய்ந்து வரும் வாகனம் என்று வேறு ஆபத்து இருந்தால் ஒழிய ஆளை இடம் மாற்ற வேண்டாம். மழை பெய்தால் குடை பிடியுங்கள், போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறைவது குறையும், அதனால் கோலாலம்பூர் வெயிலில்கூடப் போர்த்துவது அவசியம். மைலோவோ தண்ணீரோ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கலாம்.

தீக்காயத்துக்குக் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓட விடுங்கள். பற்பசை, முட்டை, கீச்சாப் (சோயா சாஸ்) எதையும் தடவாதீர்கள். உணவகச் சமையலறையில் வேலை செய்கிற தம்பிகள் இதை அறையில் எழுதி ஒட்டி வைத்தாலும் நல்லது.

விரல் துண்டானால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் தசை கெட்டுவிடும், பிறகு ஒட்ட முடியாது. அடிபட்ட கையில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள்.

4. எந்த ஆஸ்பத்திரி?

ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் எங்கே போவது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அரசு ஆம்புலன்ஸ் அரசு மருத்துவமனைக்குத்தான் போகும். "எங்களிடம் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருக்கிறது, தனியாருக்குக் கொண்டுபோங்கள்" என்று வண்டி வாசலில் நின்று வாதாடாதீர்கள். உயிர் நிலைப்பட்ட பிறகு வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்.

ஆம்புலன்ஸ் கிடைக்காமல் நீங்களே கொண்டுபோக நேர்ந்தால் இவற்றை மனதில் வையுங்கள். ஜாலான் பகாங்கில் உள்ள கோலாலம்பூர் மருத்துவமனை, நம் ஆட்கள் ஜிஎச் என்று சொல்வது, அங்கே அவசர சிகிச்சை, விபத்துக் காயப் பிரிவு எல்லாம் உண்டு. மூளை அறுவைக்கான துங்கு அப்துல் ரஹ்மான் நரம்பியல் கழகம் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. பிஜே (பெட்டாலிங் ஜெயா), பங்சார் பக்கத்தில் இருந்தால் லெம்பா பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம். செராஸ் பக்கம் என்றால் பண்டார் துன் ரசாக்கில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, பழைய ஆட்கள் யூகேஎம் ஆஸ்பத்திரி என்பார்கள். வடமேற்கே சுங்கை பூலோ மருத்துவமனை. இவை நான்கிலும் மூளை அறுவைப் பிரிவு உண்டு. துண்டான விரலையும் கையையும் ஒட்டும் நுண் அறுவைக்குச் செலாயாங் மருத்துவமனை பெயர் பெற்றது. இருந்தாலும் முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொண்டோ, அருகிலுள்ள அவசரப் பிரிவின் மூலமோ போவதுதான் பாதுகாப்பு.

தனியார் மருத்துவமனைகளிலும் மிக நல்ல விபத்துச் சிகிச்சை தருபவை உண்டு. ஆனால் போர்டில் நரம்பியல் என்று எழுதியிருப்பதாலேயே இரவு 2 மணிக்கு மூளை அறுவை நிபுணர் வந்து நிற்பார் என்று அர்த்தமில்லை. வண்டியில் போகும்போதே போன் செய்து மூன்றே கேள்வி கேளுங்கள்: இப்போது மூளை அறுவை நிபுணர் வருவாரா, இப்போது சிடி ஸ்கேன் எடுக்க முடியுமா, தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கை காலியா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் வண்டியைத் திருப்புங்கள்.

இதற்கு ஒரே விலக்கு: மூச்சு நின்றுகொண்டிருக்கிறது அல்லது ரத்தம் கட்டுக்கு அடங்கவில்லை என்றால் மிக அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு எதுவானாலும் உள்ளே போய்விடுங்கள். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டப்படி, உயிர் காக்கும் அடிப்படைச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனைகள் எப்போதும் கொடுக்கும் நிலையில் இருக்க வேண்டும். முன்பணம் பற்றிய பேச்சு வந்தால் நிதானமாக, "முதலில் ஆளைப் பாருங்கள், பணத்தைப் பற்றி நான் இங்கேயே நின்று பேசுகிறேன்" என்று சொல்லுங்கள்.

ஊரிலிருந்து வந்தவர்கள் இரண்டு விஷயத்துக்குத் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். போலீஸ் ரிப்போர்ட் இருந்தால்தான் சிகிச்சை என்ற நிலை இங்கே இல்லை. அதேபோல ரத்தம் ஏற்றினால் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கூட்டி வரச் சொல்ல மாட்டார்கள். தானமாக வந்த ரத்தம்தான் பயன்படுகிறது. ரத்தம் கொடுக்க ஆள் தேடி வாட்ஸ்அப்பில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

5. வாசலில்: இரண்டு பேராகப் பிரிந்துகொள்ளுங்கள்

அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மண்டலங்கள் இருக்கும். உயிர் ஆபத்தில் இருப்பவரை நேரே சிவப்புக்குத் தள்ளிக்கொண்டு போவார்கள், வரிசை இல்லை, ரெஜிஸ்டர் பிறகு. மஞ்சளிலோ பச்சையிலோ போட்டுவிட்டு, காத்திருக்கும்போது ஆள் தூங்கி வழிவதோ, வாந்தி எடுப்பதோ, ஒரு கண்ணின் பாவை மற்றதை விடப் பெரிதாவதோ தெரிந்தால் எழுந்து போய் நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். தொந்தரவு செய்கிறோமோ என்று நினைக்காதீர்கள். மண்டலத்தை மாற்ற அந்தத் தகவல்தான் அவர்களுக்குத் தேவை.

ஒருவர் காயம்பட்டவரின் அருகிலேயே, சிகிச்சை அறைக் கதவுக்கு வெளியே, இருக்க வேண்டும். டாக்டர் வந்து கேட்பது இவரிடம்தான்: எப்போது நடந்தது, எப்படி விழுந்தார், இடையில் மயங்கினாரா, என்ன மருந்துக்கு ஒவ்வாமை, கடைசியாக எப்போது சாப்பிட்டார். நடந்த நேரத்தைத் தெளிவாகச் சொல்லுங்கள், அதற்கு மருந்தையே மாற்றும் மதிப்பு உண்டு. உள்ளே ரத்தம் கசிவதைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன் என்று 20,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2011-இல் காட்டியது.

இன்னொருவர் கவுண்டர், போட்டோகாப்பி, போன் வேலை. இவர் கையில் இருக்க வேண்டியவை: ஐசி (மலேசிய அடையாள அட்டை) அல்லது பாஸ்போர்ட், பெர்மிட் (வேலை அனுமதி) பக்கத்தின் நகல், முதலாளியின் போன் எண், மெடிக்கல் கார்டு, பழைய மருந்துகளின் படம். இவற்றை இன்றே போட்டோ எடுத்து, கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேருக்கு அனுப்பி வையுங்கள். போன் பூட்டியிருந்தாலும் தெரியும்படி அவசரத் தொடர்பு எண்ணையும் வைத்துவிடுங்கள். பவர் பேங்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், நடு இரவில் அதன் அருமை தெரியும்.

தாலி, சங்கிலி, கடிகாரத்தைக் கழற்றினால் யாரிடம் கொடுத்தார்கள் என்பதைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அறுவைக்குச் சம்மதக் கையெழுத்துக்கு உறவினர் இல்லையே என்று கலங்க வேண்டாம். உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர்களே கூடிப் பேசி முடிவெடுத்துச் செய்ய வழி உண்டு.

6. தவறான இடத்தில் சேர்ந்துவிட்டால்: மாற்றும் வேலையை அப்போதே தொடங்குங்கள்

இந்தப் படிதான் எங்கள் குடும்பத்துக்கு அதிக நேரத்தைத் தின்றது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மண்டைக்குள் கட்டிய ரத்தத்தை எடுப்பதில் மணிக் கணக்கு உண்மையிலேயே முக்கியம். 1981-இல் வந்த ஓர் ஆய்வு, மூளை உறைக்குக் கீழ் கட்டிய ரத்தத்தை 4 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களில் 10-இல் 3 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு எடுத்தவர்களில் 10-இல் 9 பேர் இறந்தார்கள் என்று காட்டியது. சிகிச்சை அன்றைக்கு இருந்ததைவிட இன்று எவ்வளவோ முன்னேறியிருக்கிறது, ஆனால் சீக்கிரம் என்பதன் மதிப்பு குறையவில்லை.

ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற, இங்கிருக்கும் டாக்டர் அங்கிருக்கும் டாக்டரிடம் பேசி, அவர் "அனுப்புங்கள்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வண்டி கிளம்பாது. உறவினர்கள் நாமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு இடம் கேட்டுப் பயனில்லை. நாம் செய்யக்கூடியது, கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பதுதான்:

"டாக்டர், இவருக்கு வேண்டிய நிபுணர் இங்கே இப்போது இருக்கிறாரா?" இல்லை என்றால், "எந்த ஆஸ்பத்திரிக்குப் பேசியிருக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் பேசினீர்கள், யார் பதில் சொல்ல வேண்டும்?" அவர் சொல்வதை நேரத்தோடு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் படுக்கை இல்லை என்றால் அடுத்த இடத்துக்கு உடனே பேசச் சொல்லுங்கள். முதல் பதிலுக்காக ஒரு மணி நேரம் காத்துவிட்டு இரண்டாவதைக் கூப்பிடும் பழக்கம் நடக்கிறது. சத்தம் போடாதீர்கள், அரை மணிக்கு ஒரு முறை போய் நில்லுங்கள். நினைவு எப்படி இருக்கிறது என்பதை 3-லிருந்து 15 வரை ஒரு மதிப்பெண்ணாகச் சொல்வார்கள். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் மிக மோசம். அது குறைந்துகொண்டு வந்தால், "குறைந்ததை அங்கே சொல்லிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். மதிப்பெண் குறைந்தால் பெரிய ஆஸ்பத்திரியின் முடிவும் மாறும்.

கிளம்பும்போது கையில் இருக்க வேண்டியவை: பரிந்துரைக் கடிதம், ரத்தப் பரிசோதனை முடிவு, கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய தாள், ஸ்கேன் பதிந்த குறுந்தகடு. எங்கள் கேஸில் அந்தக் குறுந்தகடு பழுப்பு உறையில் கவுண்டர் மேலேயே கிடந்தது. ஆம்புலன்ஸ் கதவு சாத்தியாகிவிட்டது, சைரன் போட்டாகிவிட்டது, ஒரு நர்ஸ் செருப்பு வழுக்க ஓடி வந்து பின் கதவைத் தட்டி உறையை உள்ளே நீட்டினார். அது இல்லாமல் போயிருந்தால் அங்கே மறுபடியும் ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அந்த அக்காவின் பெயர் கூடத் தெரியாது, இன்றும் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் உறையை உங்கள் கையில் வாங்கிய பிறகே வண்டியை நகர விடுங்கள்.

மாற்றும் ஆம்புலன்ஸில் மூச்சுக் குழாய் போட்டவருக்கு அதைக் கவனிக்கத் தெரிந்த ஆள் கூட வர வேண்டும். தனியார் மருத்துவமனை தன் வண்டிக்குத் தனியாகக் கட்டணம் போடும். பில் முழுக்கக் கட்டாவிட்டால் அனுப்ப முடியாது என்று இழுத்தால், இருப்பதைக் கட்டி, மீதிக்கு எழுதிக் கொடுத்து, மேலாளரைக் கூப்பிடச் சொல்லி அங்கேயே பேசி முடியுங்கள்.

இன்னொரு பொறி: அரசு மருத்துவமனையில் கூட்டமாக இருக்கிறது என்று அலுத்து, சொந்தப் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுத் தனியாருக்குக் கிளம்புவது. ஸ்கேன் முடிந்து, நோயாளி நிலையாக இருக்கிறார் என்று டாக்டர் சொல்லி, அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்ட பிறகு போனால் பிரச்சினை இல்லை. அதற்கு முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

7. பணம்

குடிமக்களுக்கு அரசு மருத்துவமனையில் மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 ரிங்கிட். வெளிநாட்டவருக்கு நிலைமை வேறு: மூன்றாம் வகுப்பில் சேர்க்க, சாதாரண சிகிச்சைக்கு 1,400 ரிங்கிட், அறுவை சிகிச்சைக்கு 2,800 ரிங்கிட் முன்பணம். மொத்த பில் இதைவிடப் பல மடங்கு ஏறும். பல்கலைக்கழக மருத்துவமனைகளின் கட்டணம் தனி, அதிகம். ஐநா அகதிகள் அட்டை வைத்திருப்பவர்களுக்கு, ஈழத்திலிருந்து வந்தவர்களும் சேர்த்து, அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அட்டையை ரெஜிஸ்டர் செய்யும்போதே காட்டுங்கள், பிறகு காட்டினால் பில்லைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

பலரைத் திடுக்கிட வைப்பது இம்ப்ளாண்ட் செலவு. எலும்புக்குள் வைக்கும் தகடு, கம்பி, ஆணி எல்லாவற்றையும் அரசு மருத்துவமனையிலும் பெரும்பாலும் நாம்தான் வாங்க வேண்டும். விற்பவர் விலைப்பட்டியல் தருவார், ஆயிரக்கணக்கில் வரலாம். பணம் கட்டும் வரை எலும்பு அறுவை தள்ளிப்போகும், வார்டு நாட்கள் ஏறும். இயலாதவர்கள் மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைக் கேளுங்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு நகல், குடும்ப விவரம் கேட்பார்கள். டாக்டர் "தகடு வைக்க வேண்டியிருக்கும்" என்று சொன்ன அன்றே போங்கள். வார இறுதியில் அந்த அறை பூட்டியிருக்கும்.

பெர்மிட்டில் வேலை செய்பவருக்கு முதலாளி வெளிநாட்டுத் தொழிலாளர் மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். கம்பெனி பெயரும் பாலிசி எண்ணும் கேட்டு வாங்குங்கள். தனியார் மெடிக்கல் கார்டு என்றால் காப்புறுதி நிறுவனம் உத்தரவாதக் கடிதம் அனுப்பச் சில மணி நேரம் ஆகும். அது வரும் வரை ஸ்கேனை நிறுத்தி வைக்க விடாதீர்கள்.

8. போலீஸ் ரிப்போர்ட், சொக்சோ

ஆள் அறுவை அறைக்குள் போன பிறகு செய்யுங்கள், அதற்கு முன் வேண்டாம். ஆனால் தள்ளிப்போடவும் முடியாது. 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, விபத்தில் சிக்கிய வாகனமோட்டி 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும். அவர் படுக்கையில் இருந்தால் வீட்டார் யாராவது போய் நடந்ததைச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று பதிந்துவிடுங்கள். கோலாலம்பூரில் போக்குவரத்துப் போலீஸ் தலைமையகம் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கிறது. விசாரணை அதிகாரியின் பெயர், எண் இரண்டையும் வாங்குங்கள்.

வேலையிடத்திலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ நடந்த விபத்து என்றால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பொறுப்பேற்கும். 2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் வேலை விபத்துத் திட்டம் உண்டு. முதலாளி 48 மணி நேரத்துக்குள் பாரம் (படிவம்) 34 மூலம் தெரிவிக்க வேண்டும். நடு வழியில் வேறு எங்கோ ஒதுங்கிப்போயிருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம், அதனால் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான வழக்கமான வழியை வரைந்து, விபத்து நடந்த இடத்தைக் குறித்துக் கொடுங்கள். அன்றைய வருகைப் பதிவு, ரிப்போர்ட் நகல், எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சான்று) எல்லாம் சேர வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாத எம்சி இருந்தால், வேலை செய்ய முடியாத நாட்களுக்குக் கணக்கிடப்பட்ட சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். உணவு டெலிவரி ஓட்டுகிற தம்பிகளுக்குச் சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ திட்டம் தனியாக இருக்கிறது. நடந்த பிறகு சேர முடியாது, இப்போதே சேருங்கள். சந்தேகம் இருந்தால் 1-300-22-8000.

முதலாளி ரிப்போர்ட் செய்ய மறுத்தால், நீங்களே சொக்சோ அலுவலகத்துக்குப் போய்த் தெரிவிக்கலாம். "மோட்டாரிலிருந்து தானாக விழுந்தேன் என்று சொல்லு" என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். டாக்டர் முதலில் எழுதியதுதான் கடைசி வரை நிற்கும்.

9. ஆஸ்பத்திரி வாசலில் வரும் ஏஜெண்டுகள்

வார்டுக்கு வெளியே நன்றாகத் தமிழ் பேசுகிற ஒருவர் வருவார். "கேஸ் போட்டால் ஐம்பதாயிரம் வாங்கித் தருகிறேன்" என்பார், ஒரு காகிதத்தை நீட்டுவார், சில சமயம் கைச்செலவுக்கு ஐந்நூறும் கொடுப்பார். அந்தக் கையெழுத்து, வக்கீலை நியமித்து, வரும் பணத்தில் பெரும் பங்கை விட்டுக்கொடுக்கும் கையெழுத்தாக முடியும். அவசரமே இல்லை: தீபகற்ப மலேசியாவில் காய நஷ்டஈட்டு வழக்கு போட 6 ஆண்டு அவகாசம் உண்டு, எதிர்த்தரப்பு அரசாங்கத் துறை என்றால் 3 ஆண்டு. வீட்டுக்கு வந்து, நிதானமாக, நீங்களே தேர்ந்தெடுத்த வக்கீலிடம் போங்கள். இழுவை வண்டிக்காரர் மோட்டாரை எந்தப் பட்டறைக்குக் கொண்டுபோகிறார் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

10. ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக

இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் மோண்ட் கியாராவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவியுங்கள். கையில் எதுவுமே இல்லாமல் தவிப்பவர்களுக்கு அவர்களிடம் ஒரு சமூக நல நிதி உண்டு, அதற்கு மருத்துவமனைக் கடிதமும் பில் நகலும் கேட்பார்கள். இந்தியாவில் குடிபெயர்வு அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) பெற்று வேலைக்கு வந்தவர்களுக்குக் கட்டாயமாக எடுக்கப்படும் பிரவாசி பாரதீய பீமா யோஜனா பாலிசியில் விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் காப்பு உண்டு. பாலிசித் தாளின் ஒரு நகலை ஊரில் வீட்டாரிடம் கொடுத்து வைத்திருங்கள். இங்கே அறையில் பெட்டிக்குள் இருந்தால் அந்த நேரத்தில் யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பம் கொடுங்கள். சொக்சோ, காப்புறுதி, வழக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் கேட்பார்கள், கிடைக்க வாரக் கணக்கில் ஆகும். வேறொருவர் வாங்கப் போவதாக இருந்தால் நோயாளியின் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவரது ஐசி அல்லது பாஸ்போர்ட் நகலும் கூட வேண்டும்.